ஒற்றைத் தண்டவாளமும் எதிர்வண்டி விலகலும்

ஓருறையில் இருவாள் அடங்கா என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. அரசியலுக்கும் இல்வாழ்க்கைக்கும் எடுத்தாளப்படும் இம்மொழி, புகையிரதப் போக்குவரத்துக்குப் பொருந்துமளவு நேராகப் பிறிதொன்றுக்கும் பொருந்துமோ என்பது ஐயம். தெருவில் எதிர்ப்படும் இரு வண்டிகள் இடப்புறம் ஒதுங்கி ஒன்றையொன்று விலகிச் செல்லும். கடலில் எதிர்ப்படும் இரு கலங்கள் சுக்கானைத் திருப்பி வழிவிடும். தண்டவாளத்தில் ஏறிய வண்டிக்கோ ஒதுங்குதல் என்பதொன்றில்லை. எதிர்வண்டியைக் கண்ணாற் கண்டபின் சாரதியாற் செய்யக்கூடியது தடையை அழுத்துவது மட்டுமே. பல நூறு தொன் நிறையுள்ள வண்டி அதன் பின்னரும் நெடுந்தூரம் ஓடியே நிற்கும். ஆதலின் ஒற்றைப் பாதையில் விலகல் என்னுஞ் செயல், வண்டிகள் சந்திக்கும் இடத்தில் நிகழ்வதாகத் தோன்றினும், அவை முந்திய நிலையத்தை விட்டுப் புறப்படு முன்னரே ஒருவருடைய அறிவில் நிகழ்ந்து முடிந்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியவர் எம் மாணவரே. புகையிரதத்தைக் கணினித் திரையில் ஓட்டிப் பழகுதற்குரிய பாவனையாட்டங்கள் இந்நாளிற் பல உள. 2001 ஆம் ஆண்டில் மைக்கிறோசொவ்ற் நிறுவனம் வெளியிட்ட 'ட்ரெயின் சிமுலேட்டர்' அவற்றுட் பெயர்பெற்றது. அதற்கென அமைக்கப்பட்ட பாதைகளை ஏற்று இயங்குமாறு ஆர்வலர் பலர் கூடி இயற்றி, விலையின்றி வழங்கிவருவது 'ஓப்பன் ரெயில்ஸ்' என்பதாகும். விடுமுறைக் காலத்தில் ஒருநாள் மேல்வகுப்பு மாணவர் சிலர் ஓர் ஒற்றைப் பாதையில் நான்கு வண்டிகளை இயக்கலாயினர். ஒன்றைத் தாம் ஓட்டி, ஏனைய மூன்றையும் கணினியே ஓட்டுமாறு விட்டனர். சிறிது நேரத்தில் நான்கும் நின்றுவிட்டன. மோதல் நிகழவில்லை, ஒரு கைகாட்டியும் மீறப்படவில்லை, ஒவ்வொரு வண்டியும் விதிப்படியே நடந்தது. ஆயினும் எல்லாக் கைகாட்டிகளும் சிவப்பாயின. அரைமணி கழிந்தும் ஒரு வண்டியேனும் அசையவில்லை. "ஒருவரும் பிழை விடவில்லையே, ஐயா; பின்னர் பிழை எங்கே?" என்று அவருள் ஒருவன் வினவினான். நல்ல வினா. அதற்கு விடை கூறுமுன், ஒற்றைப் பாதையின் இயல்பையும், அதிற் காவல் அமைந்த வரலாற்றையும் சிறிது நோக்குவாம்.

இரட்டைப் பாதையில் போகும் வண்டிக்கு ஒரு பாதை, வரும் வண்டிக்கு ஒரு பாதை. ஒற்றைப் பாதையில் இரண்டிற்கும் ஒன்றே. மலையைக் குடைந்தும் ஆற்றைக் கடந்தும் செல்லும் இடங்களில் இரட்டைப் பாதை அமைக்கப் பெருஞ் செலவாகும் ஆதலானும், போக்குவரத்துக் குறைந்த இடங்களில் அது வேண்டாமையானும், உலகின் பல நாடுகளில் நெடும்பாதைகள் ஒற்றைப் பாதைகளாகவே உள. இடையிடையே நிலையங்களில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து சிறிது தூரம் சென்று மீண்டும் ஒன்றாகும். இவ்வாறு பிரியும் இடத்தை விலகுபாதை என்போம். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒற்றைத் தண்டவாளப் பகுதியைப் பாதைக்கூறு என்போம். ஒரு கூற்றில் ஒரு வேளையில் ஒரு வண்டியே இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. விலகுபாதையில் ஒரு வண்டி காத்துநிற்க, மற்றையது கடந்துசெல்லும்.

தொடக்கத்தில் இவ்விதியைக் காத்தது நேர அட்டவணை ஒன்றே. இன்ன நிலையத்தில் இன்ன வண்டிக்காகக் காத்திருக்க என்று அட்டவணை கூறும்; சாரதி காத்திருப்பான். எதிர்வண்டி எத்துணை பிந்தினும் அவன் அசைதலாகாது. வட அமெரிக்காவில் ஈரி இருப்புப்பாதையின் மேலதிகாரியாயிருந்த சாள்ஸ் மினற் என்பார் 1851 ஆம் ஆண்டில் இவ்வாறு ஒரு நிலையத்திற் காத்திருந்தபோது, தந்தி மூலம் அடுத்த நிலையத்துக்கு அறிவித்து, எதிர்வண்டியை அங்கே நிறுத்திவைக்குமாறு கட்டளையிட்டார். பின்னர்த் தம் வண்டியை முன்செலுத்தப் பணித்தார். சாரதியோ தந்தியை நம்பித் தன் உயிரை வைக்க மறுத்தான். மினற் தாமே இயந்திரத்தைச் செலுத்தினார். சாரதி கடைசிப் பெட்டியிற் போய் அமர்ந்துகொண்டான். வண்டி ஊறின்றிச் சேர்ந்தது. தந்திக் கட்டளையால் வண்டிகளை நடத்தும் முறை அமெரிக்காவில் அதன்பின் வேரூன்றிற்று.

எனினும் அச்சாரதியின் அச்சம் முற்றும் பேதைமையன்று என்பதை 23 ஆண்டுகளின் பின் இங்கிலாந்தில் நிகழ்ந்த விபத்துக் காட்டிற்று. 1874 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 10 ஆம் நாள் இரவு, நோரிச் நகருக்கு அணித்தாகத் தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் மாண்டனர். பிந்திவந்த விரைவு வண்டி நோரிச்சிலிருந்து புறப்படவிருந்தது. எதிரே தபால் வண்டி பிரண்டல் நிலையத்தில் நின்றது. அதிகாரிக்கும் தந்தி எழுத்தருக்கும் இடையே நேர்ந்த மயக்கத்தால், கையொப்பமிட்ட கட்டளை இன்றியே, தபால் வண்டியை அனுப்புக என்னுஞ் செய்தி சென்றுவிட்டது. விரைவு வண்டியும் விடப்பட்டது. பிழை உணரப்பட்டுச் செய்தியை மீட்க முயன்றபோது, தபால் வண்டி புறப்பட்டுவிட்டது என்பதே கிடைத்த மறுமொழி. இரு நிலையங்களிலும் இருந்தவர்கள், இரு வண்டிகளும் மோதப்போவதை அறிந்தும் தடுக்க வழியின்றி நின்ற அந்நிமிடங்களை நினைக்க நெஞ்சு நடுங்கும். சொல் காற்றிற் கலந்தபின் அதனை மீட்டல் அரிது. ஆதலின் பாதைக்கூற்றினுள் நுழையும் உரிமை சொல்லாக இராது, கையாற் பற்றும் ஒரு பொருளாக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

அவ்வெண்ணம் முன்னரும் இருந்ததே. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு கோல் வைத்து, அக்கோலை உடைய வண்டியே செல்லலாம் என விதித்தல் ஒரு முறை. கோல் ஒன்றே ஆதலின் இரு வண்டிகள் எதிரெதிரே நுழைதல் இயலாது. ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. முதல் வண்டி கோலுடன் அக்கரை சேர்ந்துவிட்டால், அதே திசையிற் செல்லவேண்டிய இரண்டாம் வண்டி கோலின்றி இக்கரையில் நின்றுவிடும். இவ்விடரை நீக்கியவர் எட்வேட் டையர் என்னும் ஆங்கிலப் பொறியியலார். 1878 ஆம் ஆண்டில் அவர் உரிமை பெற்ற மின் வில்லைக் கருவியே அதற்கு மருந்தாயிற்று. கூற்றின் இரு முனைகளிலும் உள்ள நிலையங்களில் ஒவ்வொரு கருவி இருக்கும். அவை மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டினுள்ளும் வட்ட வில்லைகள் பல அடுக்கப்பட்டிருக்கும். ஒரு நிலைய அதிபர் வில்லையை எடுக்க வேண்டுமாயின், மறுமுனை அதிபர் தம் கருவியால் இசைவு தருதல் வேண்டும். ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது இரு கருவிகளுள் ஏதாயினும் ஒன்றினுள் மீள இடப்படும் வரை, எந்த முனையிலும் வேறொரு வில்லை வெளிவராது. வில்லைகள் பலவாயினும் உரிமை ஒன்றே. முன்னது சேர்ந்து வில்லையை இட்டவுடன், பின்னதற்கு இக்கரையிலேயே வேறொன்று எடுக்கலாம். எண்ணிப் பார்ப்பார்க்கு இது வியத்தகு நுட்பமேயாம்.

நம் நாட்டுப் பாதைகளிலும் இக்கருவி நெடுங்காலம் காவல் புரிந்துள்ளது. பொல்காவலைக்கு அப்பால் வடக்கு நோக்கிச் செல்லும் பாதையும், ரம்புக்கனைக்கு அப்பால் மலைநாட்டுக்கு ஏறும் பாதையும் பெரும்பாலும் ஒற்றைப் பாதைகளே. பெரிய வளையம் கோத்த தோற்பையில் வில்லையை இட்டு நிலைய ஊழியர் நீட்ட, ஓடும் வண்டியிலிருந்தே அதனைக் கையால் வாங்கும் காட்சியைப் பயணஞ் செய்தோர் பலர் கண்டிருப்பர். 1990 ஆம் ஆண்டில் போரினால் நின்றுபோய், மீள அமைக்கப்பட்டு, 2014 ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்ட வடபாதைப் பகுதியில் நிறவொளிச் சைகைகள் அக்காவலை ஏற்றுள்ளன. கருவி மாறினும் கருத்து ஒன்றே: உரிமை ஒருவனிடம் மட்டும்.

இனி, கருவி மெய்யையே கூறினும் மனிதன் அதனைப் படியாதுவிட்டால் நேர்வது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். வேல்ஸ் நாட்டில் அபர்மியூல் என்னுஞ் சிறு நிலையத்தருகே 1921 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாள் மற்றொரு நேர்மோதல் நிகழ்ந்தது. அங்கு வில்லைக் கருவிகள் செவ்வையாகவே இயங்கின. மொண்ட்கொமரி நிலையத்திலிருந்து வந்த மெதுவண்டி, தான் கடந்துவந்த கூற்றின் வில்லையை அபர்மியூலில் ஒப்படைத்தது. அதனைப் பெற்ற இளம் ஊழியன் பதில் நிலைய அதிபரிடம் கொடுத்தான். அவரோ அது முன்னேயுள்ள நியூடவுன் கூற்றுக்குரிய வில்லை என்று கருதி, அதனையே சாரதியிடம் திருப்பிக் கொடுத்தார். வில்லையில் நிலையங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆயினும் கொடுத்தவரும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை. நியூடவுன் கூற்றின் உண்மை வில்லை எதிரே வந்துகொண்டிருந்த விரைவு வண்டியில் இருந்தது. 17 பேர் உயிரிழந்தனர். கண்ணெதிரே இருந்த எழுத்தை ஒரு நொடி படித்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர். வழக்கமாய்ச் செய்யுந் தொழிலில் கை ஓட, கருத்து உறங்குதல் எத்துணைக் கொடிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இதுகாறுங் கூறியது மோதலைத் தடுக்குங் காவல். மாணவரின் பாவனையாட்டத்தில் இக்காவல் குறைவின்றி இருந்தது. அங்கே கணினியே வில்லைக் கருவியாய் நின்று, ஒரு கூற்றில் இரு வண்டிகளை விடவில்லை. அவ்வாறாயின் நான்கு வண்டிகளும் நின்றதேன்? விடை இதுவே: மோதலைத் தடுத்தல் ஒன்று, முட்டுநிலையைத் தடுத்தல் மற்றொன்று. முன்னதை வென்றோர் பின்னதையும் வென்றாராகார்.

நான்கு நிலையங்களைக் கற்பனை செய்க. அவை தெற்கிலிருந்து வடக்காக க, ச, த, ப என நிற்கட்டும். இடையிலுள்ள ச, த என்னும் இரண்டிலும் இவ்விரண்டு தண்டவாளங்கள் உள. வடக்கு நோக்கிச் செல்லும் ஒரு வண்டி ச-வை அடைந்து நிற்கிறது. அதன் பின்னே அதே திசையில் மற்றொரு வண்டி வர, ச-வின் இரண்டாந் தண்டவாளம் வெறிதாயிருத்தலின் அதுவும் உள்ளே விடப்படுகிறது. அவ்வாறே தெற்கு நோக்கும் வண்டிகள் இரண்டு த-வில் அடுத்தடுத்து வந்து இரு தண்டவாளங்களையும் நிரப்புகின்றன. ச-வுக்கும் த-வுக்கும் இடைப்பட்ட கூறு முழுவதும் வெறுமையாய்க் கிடக்கிறது. ஆயினும் ச-விலிருந்து ஒரு வண்டியை விடுவதெனில் அது போய் நிற்க த-வில் இடமில்லை. த-விலிருந்து விடுவதெனிற் ச-வில் இடமில்லை. ஒவ்வோர் அனுமதியும் தனித்தனியே நோக்கின் குற்றமற்றது. அவற்றின் கூட்டமோ யாவரையுங் கட்டிப் போட்டது. இனி ஒரு வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி முந்திய நிலையத்துக்குக் கொண்டுபோனாலன்றி இக்கட்டு அவிழாது. அது காலத்தையும் விழுங்கும், இடரும் பயக்கும்.

இத்தகைய முட்டுநிலை புகையிரதத்துக்கு மட்டும் உரியதன்று. கணினியினுள் பல நிரல்கள் ஒரே வளத்துக்குப் போட்டியிடும்போதும் இதுவே நேரும். ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ரா 1960களில் இதனை ஆராய்ந்தார். கொவ்மன் முதலியோர் 1971 இல் அதற்கு நான்கு காரணங்களை வகுத்துக் கூறினர். அவை வருமாறு: ஒரு வளத்தை ஒருவரே பற்றக்கூடியதாதல், ஒன்றைப் பற்றியபடியே மற்றொன்றுக்குக் காத்தல், பற்றியதைப் பிறர் பறிக்க இயலாமை, காத்திருப்போர் ஒருவர்க்கொருவர் வட்டமாய் அமைதல். நான்கும் ஒருங்கு கூடினாலன்றி முட்டுநிலை பிறவாது. ஒற்றைப் பாதையில் முதல் மூன்றும் இயல்பாகவே உள. தண்டவாளத்தை இருவர் பகிர முடியாது, நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தவும் முடியாது. எஞ்சிய நான்காவதொன்றே நம் அறிவுக்கு வசமானது. ஆதலின் அட்டவணை வகுப்போனும் கட்டுப்பாட்டாளனும் கைக்கொள்ள வேண்டிய விதி இது: இருபுறமும் வண்டிகள் வரும்போது, நிலையத்தின் கடைசி வெறுந் தண்டவாளத்தை ஒரு வண்டிக்குக் கொடுக்குமுன், அது சேர்ந்தபின் அங்கிருந்து வெளியேறக்கூடிய வண்டி யாது, அது சென்று நிற்குமிடம் யாது என இரண்டையும் வினவுக. விடை இல்லையேல் அவ்வண்டியை முந்திய நிலையத்திலேயே நிறுத்துக. வெள்ளம் வருமுன் அணைகோலுதல் என்பது இதுவே.

அடுத்து, விலகுமிடத்தைத் தெரிதல். மேற்கூறிய நிலையங்களுக்கு வடக்கே ம என்னும் ஐந்தாவதொன்றையுஞ் சேர்த்து, ஒவ்வொரு கூற்றையுங் கடக்க 15 நிமிடம் ஆகும் எனக் கொள்க. க-விலிருந்து ஒரு வண்டியும் ம-விலிருந்து ஒரு வண்டியும் 8 மணிக்கே புறப்பட்டால், நடுவேயுள்ள த-வில் 8.30க்குச் சந்திக்கும். ம-வின் வண்டி 10 நிமிடம் பிந்திப் புறப்பட்டதாயின், த-வில் மற்றையது 10 நிமிடம் காக்கும். விலகலைப் ப-வுக்கு மாற்றினாலோ, ம-வின் வண்டி அங்கு 8.25க்கு வந்து, 8.45க்கு வரும் எதிர்வண்டிக்காக 20 நிமிடம் காக்கும். ஆதலின் மாற்றாதிருத்தலே நன்று. 20 நிமிடம் பிந்தினாலோ கணக்கு மாறும்: த-வில் விலகினால் இழப்பு 20 நிமிடம்; ப-வில் விலகினால் ம-வின் வண்டி 8.35க்கு வந்து 10 நிமிடமே காக்கும். எல்லை 15 நிமிடம், அஃதாவது ஒரு கூற்றைக் கடக்குங் காலம். பிந்துதல் அதனை மீறின் விலகுமிடத்தை ஒரு நிலையம் தள்ளுதல் மொத்த இழப்பைக் குறைக்கும். ஆயின் அவ்விழப்பு முன்னரே பிந்திய வண்டியின் தலையிலேயே விழும் என்பதையும், எந்த வண்டியிற் பயணிகள் மிகுதி, எதற்கு மேலும் விலகல்கள் உள என்பதையும் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவும் த-வுக்கும் ப-வுக்கும் இடையிலான உரிமை ஒருவனிடம் கொடுக்கப்படு முன்னரே எடுக்கப்பட வேண்டும். கொடுத்தபின் வரும் நல்லறிவு பயனற்றது.

வண்டியின் நீளமும் மறக்கற்பாலதன்று. விலகுபாதையினும் நீண்ட வண்டி அதனுள் அடங்காது. அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டு எதிர்வண்டியின் வழியை மறிக்கும். இரண்டனுள் ஒன்று குறுகியதாயின், குறுகியது முதலில் வந்து விலகுபாதையில் ஒதுங்க, நீண்டது நில்லாது மற்றைத் தண்டவாளத்தாற் கடந்து செல்லுதல் முறை. ஆதலின் யார் முந்தி வருதல் வேண்டும் என்பதும் நீளத்தைப் பொறுத்ததாகின்றது. ஓப்பன் ரெயில்சில் விலகுபாதைகளை எல்லா வண்டிகளுக்கும் பொதுவாக்கும் ஒரு தெரிவு உண்டு. அதனை ஏற்றால், விலகலின்போது வண்டியின் நீளத்தையும் பார்த்தே நிரல் பாதையை ஒதுக்கும். அத்தெரிவு இல்லையேல், தன் வழித்தடத்தில் விலகுபாதை குறிக்கப்பெற்ற வண்டியே அதனைப் பயன்படுத்தவல்லது.

பாவனையாட்டத்திற் பயில்வார் பலர் விடும் பிழை வேறொன்று. எதிர்வண்டி 8.40க்கு வரும் எனக் கணித்து, தம் வண்டியை 12 நிமிடம் நிறுத்துமாறு குறித்துவிடுவர். எதிர்வண்டி 2 நிமிடம் பிந்தினும் கணக்கெல்லாம் பிழைத்துவிடும். நிமிடத்துக்காகக் காத்தல் வேறு, வண்டிக்காகக் காத்தல் வேறு. ஓப்பன் ரெயில்சின் அட்டவணை முறையில் 'இன்ன வண்டிக்காகக் காத்திரு' என்றே கட்டளையிடும் வசதி உண்டு. அதனைக் கொள்வதே அறிவுடைமை. கடிகாரம் நாம் விரும்புவதைக் காட்டும்; வண்டியே நடந்ததைக் காட்டும்.

அன்று மாணவர் நான்கு வண்டிகளையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து இயக்கினர். இம்முறை திரையைத் தொடுமுன், தாளில் குறுக்கே நேரத்தையும் நெடுக்கே நிலையங்களையும் வரைந்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்கோடு இழுத்தனர். கோடுகள் வெட்டும் இடமெல்லாம் விலகுமிடம். வெட்டுப்புள்ளி இரு நிலையங்களுக்கு நடுவே விழுந்தால் அது விபத்து அல்லது காத்திருப்பு. கோடுகளைத் திருத்தி வெட்டுப்புள்ளிகளை நிலையங்களின்மேற் கொண்டுவந்தனர். இரண்டாவது வடவண்டியை ச-வுக்கு விடாது க-விலேயே ஒன்பது நிமிடம் நிறுத்தினர். நான்கும் சென்று சேர்ந்தன. நின்ற ஒன்பது நிமிடமே அனைத்தையும் ஓடச் செய்தது என்பதைக் கண்டு அவர் வியந்தனர்.

வினவிய மாணவனுக்கு அப்பொழுது விடை கூறினேன். பிழை எவ்வண்டியிலும் இல்லை; நான்கையும் ஒருங்கே நோக்குவார் ஒருவரும் இல்லாமையே பிழை. மோதலைத் தடுக்கும் உரிமையை வில்லைக்கும் மின்சுற்றுக்கும் ஒப்படைக்கலாம். அதுவும் படிக்கும் கண் விழித்திருந்தாற்றான் காக்கும். முட்டுநிலையைத் தடுக்கும் முன்னறிவை ஆக்குவோன் மனிதனே. வடக்கே போகும் இரவு வண்டி நடுக்காட்டில் ஒரு சிறு நிலையத்திற் காரணமின்றி நிற்பதாய்த் தோன்றி நாம் சினக்கும்போது, நமக்குத் தெரியாத ஓரிடத்தில் எவரோ ஒருவர் ஒரு கோட்டைச் சற்றுத் திருத்தி வைத்திருக்கிறார் என்பதை நினைத்தல் நன்று. சிறிது நேரத்தில் எதிர்வண்டி விளக்கொளியுடன் பக்கத்தே கடந்து போகும். அதிலுள்ளோர் தம் வீடு சேர்வர், நாமும் சேர்வோம்.